விளையாட்டை ஆக்கியவர் யார்? – அடாரி நிறுவனத்தின் கதை

நூல் ஒன்றைக் கையில் எடுத்தால் அட்டையிலேயே ஆசிரியர் பெயர் இருக்கிறது. திரைப்படம் என்றால் கதை எழுதியவர் முதல் ஒளிப்பதிவு செய்தவர் வரை அனைவர் பெயரும் திரையில் வருகின்றன. இசைத்தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் வட்டத் தாளில் கூடப் பாடியவர் பெயர் உண்டு. ஆனால் ஒரு வீடியோ விளையாட்டை ஆக்கியவர் யார் என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் பெயரைத்தான் சொல்வோம். அந்நிறுவனத்தின் உள்ளே உட்கார்ந்து, இரவு பகலாக மூளையைக் கசக்கி அதனை உருவாக்கிய மனிதர் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அவர் பெயரை வெளியே சொல்லவே கூடாது என்று நிறுவனம் தடுத்த காலமும் ஒன்று இருந்தது. அந்தத் தடை என்ன விளைவுகளைத் தந்தது என்பதை அமெரிக்காவின் அடாரி நிறுவனத்தின் கதை நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது. 1972-ல் பிறந்து, 1982-ல் உச்சியை எட்டி, 1984-ல் துண்டாகி விற்கப்பட்ட நிறுவனம் அது. பன்னிரண்டே ஆண்டுகள்! அக்கதையை, அதன் உள்ளே பொதிந்திருக்கும் அறிவியலோடு சேர்த்து இக்கட்டுரையில் காண்போம்.

இயற்பியலார் தந்த தொடக்கம்

திரையில் விளையாடும் எண்ணம் முதலில் விளையாட்டு வணிகர்களிடம் தோன்றவில்லை. அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலார், 1958-ல் ஆய்வுக்கூடத்தைக் காண வரும் பொதுமக்களுக்காக ஒரு வேடிக்கை செய்தார். நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் அலைவடிவங்களைக் காட்டும் ஆஸில்லோஸ்கோப்பின் திரையில் டென்னிஸ் பந்து ஒன்றைத் துள்ள வைத்தார். ஏவுகணை செல்லும் பாதையைக் கணிக்கும் அதே கணக்கு, பந்தின் பாதையையும் கணித்தது. 1962-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரசல் என்பவரும் நண்பர்களும் கணிப்பொறியில் விண்வெளிப் போர் விளையாட்டு ஒன்றை எழுதினர். ரால்ஃப் பேயர் என்ற பொறியாளர் உருவாக்கி, மேக்னவாக்ஸ் நிறுவனம் 1972-ல் வெளியிட்ட ஒடிஸி என்ற பெட்டியே வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடிய முதல் விளையாட்டுக் கருவியாகும்.

இவற்றையெல்லாம் ஒரு தொழிலாக மாற்றியவர்கள் நோலன் புஷ்னல், டெட் டாப்னி என்ற இரு பொறியாளர்கள். தலைக்கு 250 டாலர் போட்டுத் தொடங்கிய தங்கள் கூட்டுத் தொழிலை 1972 ஜூனில் அவர்கள் அடாரி என்ற பெயரில் பதிவு செய்தனர். 'கோ' என்ற பலகை விளையாட்டில் எதிராளியின் காய் வெட்டுப்படும் நிலையில் இருக்கிறது என்பதைக் குறிக்கும் ஜப்பானியச் சொல் அது.

கணிப்பொறி இல்லாத விளையாட்டு

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆலன் ஆல்கார்ன் என்ற இளம் பொறியாளரிடம், பயிற்சிக்காக ஒரு சிறு வேலையைத் தந்தார் புஷ்னல். திரையில் ஒரு பந்து, இரு பக்கமும் இரு மட்டைகள், அவ்வளவுதான். அதுவே 'பாங்' என்னும் புகழ்பெற்ற விளையாட்டாயிற்று.

பாங் இயந்திரத்தில் கணிப்பொறியே கிடையாது என்பதை அறிந்தால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். நினைவகம் இல்லை, நிரல் இல்லை. எண்ணும் சுற்றுகளையும் தர்க்கச் சுற்றுகளையும் கொண்ட சில்லுகளைக் கம்பிகளால் இணைத்தே ஆல்கார்ன் பந்தை ஓட வைத்தார். விளையாட்டின் விதிகள் யாவும் மின்சுற்றின் அமைப்பிலேயே அடங்கியிருந்தன.

இன்னொரு செய்தியும் இயற்பியல் மாணவர்களுக்குச் சுவையானது. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்று நாம் படிக்கிறோம். பாங் விளையாட்டுப் பந்து இவ்விதிக்குக் கட்டுப்படுவதில்லை. ஆல்கார்ன் ஒவ்வொரு மட்டையையும் எட்டுப் பகுதிகளாகப் பிரித்தார். நடுப்பகுதியில் பட்டால் பந்து நேராகத் திரும்பும். ஓரத்தில் பட்டால் சாய்ந்து பாயும். ஆட்டம் நீள நீளப் பந்தின் வேகமும் கூடும். இயற்கையின் விதியை அப்படியே பின்பற்றியிருந்தால் ஆட்டம் சலித்துப் போயிருக்கும். எந்த விதியை எங்கே மாற்றினால் ஆடுபவருக்குச் சுவை கூடும் என்று அறிவதே விளையாட்டு ஆக்குவோரின் கலை எனலாம்.

கலிபோர்னியாவில் சன்னிவேல் என்ற ஊரின் மதுக்கடை ஒன்றில் முதல் இயந்திரம் சோதனைக்காக வைக்கப்பட்டது. சில நாட்களில் அது நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தார். சுற்றில் பழுதில்லை, காசுப் பெட்டி நிரம்பி வழிந்ததுதான் காரணம்! அடாரி வளரத் தொடங்கியது. ஒடிஸியின் உரிமையை வைத்திருந்த மேக்னவாக்ஸ் நிறுவனம் வழக்குத் தொடுக்க, 1976-ல் அடாரி உரிமக் கட்டணம் செலுத்தி உடன்பாடு கண்டது. அதே ஆண்டு புஷ்னல் தம் நிறுவனத்தை வார்னர் கம்யூனிகேஷன்ஸ் என்ற பெருங்குழுமத்துக்கு 2 கோடியே 80 இலட்சம் டாலருக்கு விற்றார்.

கற்றையோடு ஒரு பந்தயம்

1977-ல் அடாரியின் வீட்டுப் பெட்டி வெளிவந்தது. பின்னாளில் '2600' என்று பெயர் பெற்றது இதுவே. பாங் இயந்திரம் ஒரே ஆட்டத்தை மட்டும் அறியும். இப்பெட்டியிலோ உண்மையான நுண்செயலி இருந்தது. கார்ட்ரிட்ஜ் எனப்படும் சிறு பிளாஸ்டிக் உறையைச் செருகினால், அதனுள் இருக்கும் நினைவுச் சில்லில் பதிந்த நிரல் ஓடும். கார்ட்ரிட்ஜை மாற்றினால் விளையாட்டும் மாறும்.

இப்பெட்டியின் தற்காலிக நினைவகம் எவ்வளவு தெரியுமா? 128 பைட்டுகள். இன்றைய கணிப்பொறிகளில் வழங்கும் ஒருங்குறி முறையில் ஒரு திருக்குறளை எழுதினாலே ஏறத்தாழ அந்த இடம் தீர்ந்துவிடும். திரையில் குறுக்கே 160 புள்ளிகள், நெடுக்கே 192 வரிகள். புள்ளி ஒவ்வொன்றும் ஒளிர்கிறதா இல்லையா என்று மட்டும் குறித்து வைக்கவே 30,720 பிட்டுகள், அதாவது 3,840 பைட்டுகள் வேண்டும். இருப்பதைப் போல 30 மடங்கு! அப்படியானால் படத்தை எங்கே வைப்பது?

எங்கும் வைப்பதில்லை என்பதே விடை. பழைய தொலைக்காட்சிக் குழாயில் எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக வரி வரியாக, மேலிருந்து கீழாக ஓடிப் படத்தை வரைகிறது. அமெரிக்க முறையில் இது நொடிக்கு ஏறத்தாழ 60 முறை நடக்கும். அடாரிப் பெட்டியில் நிரல் எழுதுபவர், கற்றை ஒரு வரியை வரைந்து கொண்டிருக்கும்போதே அந்த வரிக்கும் அடுத்ததற்கும் உரிய செய்தியைத் திரைச் சில்லுக்குத் தந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு வரிக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 64 மைக்ரோ நொடி. அதற்குள் நுண்செயலி 76 முறை துடிக்கும். மிகச் சிறிய கட்டளைக்கே 2 துடிப்புகள் தேவை. ஆகவே ஒரு வரிக்கு 38 கட்டளைகளுக்கு மேல் இடமில்லை. ஒரு கட்டளை தாமதித்தாலும் உருவம் சிதையும். கற்றை யாருக்காகவும் காத்திராது.

இப்பெட்டிக்கு விளையாட்டு ஆக்குவது எத்தகைய வேலை என்பது இப்போது விளங்கியிருக்கும். அக்காலத்தில் ஒரு விளையாட்டைப் பொதுவாக ஒருவரே தனியாக ஆக்கினார். கருவை நினைப்பவர், படம் வரைபவர், ஒலி அமைப்பவர், நிரல் எழுதுபவர், பிழை திருத்துபவர் எல்லாம் அவரே. ஒரு சிறுகதையைப் போல, அது ஒரு மனிதரின் படைப்பு.

சுவருக்குள் மறைந்த பெயர்

1978-ன் இறுதியில் புஷ்னல் வெளியேறினார். நெசவுத் தொழிலில் இருந்து வந்த ரே கசார் தலைமை ஏற்றார். விற்பனை பன்மடங்கு பெருகியது. ஆனால் விளையாட்டுகளை ஆக்கியவர்களுக்கு நிலையான மாதச் சம்பளம் மட்டுமே. உறையில் பெயர் கிடையாது. விற்பனையில் பங்கும் கிடையாது.

அவ்வாறு உழைத்தவர்களில் வாரன் ராபினெட் என்பவர் ஒருவர். 'அட்வெஞ்சர்' என்ற விளையாட்டை அவர் தனியாக எழுதினார். எவருக்கும் சொல்லாமல் அதனுள் ஓர் இரகசிய அறையையும் அமைத்தார். பின்னணியின் சாம்பல் நிறத்திலேயே இருக்கும் ஒற்றைப் புள்ளி ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து, உரிய இடத்துக்குக் கொண்டு சென்றால் அவ்வறையின் வழி திறக்கும். உள்ளே, இதை ஆக்கியவர் வாரன் ராபினெட் என்ற எழுத்துகள் நிறம் மாறி மாறி ஒளிரும்!

கார்ட்ரிட்ஜில் இருப்பது படிக்க மட்டுமே இயலும் நினைவகம். தொழிற்சாலையில் அதன் அமைப்பைப் பதித்துவிட்ட பிறகு ஓர் எழுத்தையும் அழிக்க முடியாது. விளையாட்டு 1980-ல் கடைகளில் பரவி, சிறுவன் ஒருவன் அந்த அறையைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதிய பின்னரே நிறுவனத்துக்குச் செய்தி தெரிந்தது. அதற்குள் ராபினெட் வேலையை விட்டுப் போய்விட்டார். ஈஸ்டர் திருநாளில் குழந்தைகள் ஒளித்து வைத்த முட்டைகளைத் தேடுவது போன்றது என்பதால், இத்தகைய ஒளிப்புகளை இன்றும் 'ஈஸ்டர் முட்டை' என்றே அழைக்கின்றனர். இன்று அது ஒரு வேடிக்கை. அன்று அது ஒரு மனிதர் தம் பெயருக்காகச் செய்த கலகம்.

நால்வர் வெளியேறினர்

1979-ல் அடாரியின் விற்பனைப் பிரிவு, எந்தெந்த விளையாட்டு எவ்வளவு விற்றது என்று காட்டும் பட்டியல் ஒன்றை ஊழியர்களிடையே சுற்றுக்கு விட்டது. நன்றாக விற்பவற்றைப் போன்று இன்னும் பல செய்யுங்கள் என்பதே அதன் நோக்கம். டேவிட் கிரேன், லாரி கப்லன், ஆலன் மில்லர், பாப் ஒயிட்ஹெட் ஆகிய நால்வர் அப்பட்டியலை வேறு வகையாகப் படித்தனர். கிரேன் பின்னாளில் சொன்ன கணக்கு இது: ஆண்டின் கார்ட்ரிட்ஜ் விற்பனை 10 கோடி டாலர், அதில் 60 விழுக்காடு இந்த நால்வர் ஆக்கியவற்றால் வந்தது, ஒவ்வொருவரின் ஆண்டுச் சம்பளமோ 30,000 டாலருக்கும் குறைவு.

நால்வரும் தலைவரிடம் சென்று, நூலாசிரியர்களுக்கும் இசைக் கலைஞர்களுக்கும் இருப்பதைப் போலப் பெயரும் பங்கும் வேண்டும் என்று கேட்டனர். கார்ட்ரிட்ஜைப் பூட்டி முடிக்கும் தொழிலாளிக்கு இருக்கும் பங்குதான் உங்களுக்கும் என்ற பொருளில் விடை கிடைத்ததாகக் கிரேன் கூறியுள்ளார். பூட்டி முடிக்கும் தொழிலாளியின் உழைப்பும் மதிக்கத்தக்கதே, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த விடையில் இருவரில் எவருக்கும் மதிப்பு இருக்கவில்லை என்பதே உண்மை.

நால்வரும் வேலையை விட்டனர். இசைத்தட்டு வணிகத்தில் அனுபவம் பெற்ற ஜிம் லெவி என்பவருடன் சேர்ந்து, 1979 அக்டோபரில் ஆக்டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். தானே பெட்டி எதுவும் செய்யாமல், பிறருடைய பெட்டிக்கு விளையாட்டு மட்டுமே ஆக்கி விற்கும் முதல் நிறுவனம் இதுவே. கையேட்டில் ஆக்கியவரின் பெயரையும், அவரே வாசகரிடம் பேசும் குறிப்பையும் அச்சிட்டனர். அடாரி வழக்குத் தொடுத்தது. 1982-ல் உடன்பாடு ஏற்பட்டது. பிறர் பெட்டிக்கு விளையாட்டு எழுதலாம் என்பதும் அத்துடன் நிலைபெற்றது.

ஒரு பைட்டுக்குள் ஒரு காடு

அடாரி இழந்தது எத்தகைய திறமையை என்பதற்கு ஒரு சான்று காட்டுகிறேன். கிரேன் 1982-ல் ஆக்டிவிஷனுக்காக 'பிட்ஃபால்' என்ற விளையாட்டை ஆக்கினார். ஒருவன் காட்டில் ஓடிப் புதையல் தேடுகிறான். அக்காட்டில் 255 திரைகள். ஒவ்வொன்றிலும் மரங்களும் குழிகளும் முதலைகளும் வெவ்வேறு விதமாக அமைந்துள்ளன. கார்ட்ரிட்ஜின் மொத்த அளவோ 4,096 பைட்டுகள்தான். 255 திரைகளின் வரைபடத்தை அதில் எங்கே வைப்பது?

கிரேன் வரைபடத்தையே வைக்கவில்லை. ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணைப் பிறப்பிக்கும் விதியை மட்டும் வைத்தார். அதன் எளிய வடிவத்தை நீங்களே தாளில் செய்து பார்க்கலாம். 001 என்று எழுதுங்கள். வலப்பக்கத்து இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1 என்று கொள்ளுங்கள். அந்தப் புது இலக்கத்தை இடக்கோடியில் சேர்த்து, வலக்கோடி இலக்கத்தை நீக்கிவிடுங்கள். 001 என்பது 100 ஆகும். தொடர்ந்து செய்தால் 010, 101, 110, 111, 011 என்று வந்து, மீண்டும் 001-ல் முடியும். மூன்று இலக்கங்களால் அமையக்கூடிய எட்டு எண்களில் 000 நீங்கலாக ஏழும் தவறாமல், ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் வந்துவிட்டன அல்லவா? இலக்கங்கள் எட்டாக இருந்தால், தக்க விதியைக் கொண்டு 255 எண்களைப் பெறலாம். பிட்ஃபாலில் 255 திரைகள் இருப்பதன் காரணம் இதுவே.

ஒவ்வொரு எண்ணின் எட்டு இலக்கங்களும் வேலையைப் பகிர்ந்து கொள்கின்றன. மூன்று இலக்கங்கள் திரையில் வரும் பொருள் எது என்று சொல்லும். மூன்று, குழியின் வகையைச் சொல்லும். இரண்டு, மரங்களின் அமைப்பைச் சொல்லும். இவ்விதியைப் பின்னோக்கியும் இயக்கலாம். ஆகவே ஓடியவன் திரும்பி வந்தால் முன்பு கண்ட அதே காட்டையே மறுபடி காண்பான். நினைவகத்தில் இருப்பது ஒரே ஒரு பைட். அதிலிருந்து விரிவது ஒரு காடு! இவ்விளையாட்டுக்கு ஏறத்தாழ 1,000 மணி நேரம் உழைத்ததாகக் கிரேன் கூறியுள்ளார். 40 இலட்சத்துக்கு மேல் விற்றது. இதே வகை உத்தியால்தான், முன்பு அடாரியில் பணிபுரிந்து, பின்னர் ஆக்டிவிஷனில் சேர்ந்த கேரல் ஷா என்ற பெண்மணி 'ரிவர் ரெய்ட்' விளையாட்டில் நீண்ட ஆறு ஒன்றை ஓட விட்டார்.

சரிவு

1982-ல் அடாரி வெளியிட்ட 'பேக்-மேன்' பதிப்பை எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு பேய்கள் துரத்த வேண்டும். திரைச் சில்லோ விவரமான உருவங்களை ஒரு நேரத்தில் இரண்டுக்கு மேல் எளிதாகத் தாங்காது. எனவே ஒவ்வொரு பேயும் நான்கு படங்களுக்கு ஒருமுறையே வரையப்பட்டது. 60-ஐ 4-ஆல் வகுத்தால் நொடிக்கு 15 முறை. அந்த வேகத்தில் நம் கண் சிமிட்டலை உணர்ந்துவிடும். வாங்கியவர்கள், பேய்கள் மின்னி மின்னி மறைவதைக் கண்டு ஏமாந்தனர்.

அடுத்தது 'ஈ.டி.'. புகழ்பெற்ற திரைப்படத்தின் உரிமையை 1982 ஜூலை இறுதியில் பெற்ற நிறுவனம், கிறிஸ்துமஸ் விற்பனைக்கு விளையாட்டு தயாராக வேண்டும் என்றது. ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற திறமையாளருக்குக் கிடைத்த காலம் ஐந்தே வாரங்கள். அவர் முடித்துக் கொடுத்தார். ஆனால் ஆடியவர்கள் மீண்டும் மீண்டும் குழிகளில் விழுந்து சலித்தனர். கார்ட்ரிட்ஜ்கள் இலட்சக்கணக்கில் விற்காமல் தேங்கின.

சரிவுக்கு இந்த ஒரு விளையாட்டையே காரணம் காட்டுவது நியாயமாகாது. ஆக்டிவிஷன் திறந்த வழியில் எத்தனையோ புதிய நிறுவனங்கள் நுழைந்து, தரமில்லாதவற்றைக் கொட்டிக் குவித்தன. விலை குறைந்த வீட்டுக் கணிப்பொறிகளும் போட்டிக்கு வந்தன. கடைக்காரர்கள் கார்ட்ரிட்ஜ்களை அடிமாட்டு விலைக்குத் தள்ளினர். அமெரிக்க வீட்டு வீடியோ விளையாட்டு விற்பனை 1983-ல் 320 கோடி டாலராக இருந்து, 1985-ல் 10 கோடி டாலர் அளவுக்கு விழுந்ததாக மதிப்பிடப்படுகிறது. 1983-ல் மட்டும் அடாரியின் இழப்பு 50 கோடி டாலருக்கு மேல். அவ்வாண்டு செப்டம்பரில், விற்காத சரக்கு லாரிகளில் ஏற்றப்பட்டு, நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆலமகார்டோ ஊர்க் குப்பைக் கிடங்கில் புதைக்கப்பட்டது. 1984-ல் அடாரியின் வீட்டுப் பெட்டிப் பிரிவு ஜாக் டிராமியெல் என்பவருக்கு விற்கப்பட்டது.

2014 ஏப்ரலில் அந்தக் குப்பைமேட்டைத் தோண்டினர். ஈ.டி. உள்ளிட்ட பல விளையாட்டுகளின் கார்ட்ரிட்ஜ்கள் ஆயிரத்துக்கு மேல் வெளியே வந்தன. அவற்றில் ஒன்று இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. தோண்டிய அன்று வார்ஷாவும் அங்கே நின்றிருந்தார்.

நாம் அறிவது

ஆக்டிவிஷனும் சரிவில் அடிபட்டுத் தட்டுத் தடுமாறியே பிழைத்தது. பின்னர் பெருநிறுவனமாக வளர்ந்து, 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கு விலைபோயிற்று. 1979-ல் நால்வர் கேட்ட பெயர் அச்சிடும் உரிமை இன்று விளையாட்டு உலகில் எங்கும் வழக்கமாகிவிட்டது. ஆனால் அப்பட்டியலில் யார் பெயர் இடம்பெறும், யார் பெயர் விடுபடும் என்ற பூசல் இன்னும் ஓயவில்லை.

அடாரியின் கையில் பெட்டி இருந்தது, பணம் இருந்தது, ஊரெல்லாம் பெயரும் இருந்தது. 128 பைட்டுகளில் ஓர் உலகைப் படைக்கும் மூளைகள் வெளியேறிய பின் அவை எவையும் அதனைக் காக்கவில்லை. தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் பழுதானால் அதே போன்ற வேறொன்றை வாங்கி வைக்கலாம். 76 துடிப்புகளுக்குள் ஒரு வரியை வரையக் கற்றுக்கொண்ட மனிதரை அவ்வாறு வாங்க முடியாது.

நண்பர்களே, நீங்கள் அடுத்த முறை ஒரு விளையாட்டை ஆடி முடிக்கும்போது, இறுதியில் சிறிய எழுத்துகளில் பெயர்கள் வரிசையாக மேலே செல்லும். பெட்டியை அணைக்க அவசரப்பட வேண்டாம். அவற்றில் சிலவற்றையேனும் படித்துப் பாருங்கள். அந்த வரிகள் அங்கே இடம்பெறுவதற்காக, ஒருவர் தம் பெயரைச் சுவருக்குள் ஒளித்து வைக்க வேண்டியிருந்தது. நால்வர் வேலையைத் துறக்க வேண்டியிருந்தது.